தன்மதிப்பில் பத்தொன்பது பேர் ஃபெயில்

லிங்கராஜபுரம் ரோஸ்வெல் உயர்நிலைப் பள்ளியில் லேப் அட்டெண்டர் வேலைக்கு ஆள் எடுத்தது தொண்ணூற்றிரண்டாம் வருஷம். வந்த ஆறு பேரிடமும் தலைமையாசிரியர் மைக்கேல்ராஜ் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். டெஸ்ட் டியூப் பற்றி என்ன தெரியும்? ஐந்து பேர் தெரிந்ததையும் தெரியாததையும் கலந்து சொன்னார்கள். தமயந்தி மட்டும், "கண்ணாடி சார், கீழ போட்டா உடையும்" என்றாள். வேலை அவளுக்குக் கிடைத்தது.

அதுவரை அவள் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். ஆம்பூர்ப் பக்கத்தில் பிறந்து, பத்தாம் வகுப்பை மூன்றாவது தடவையில் தாண்டி, லாரி ஆபீஸ் புக்கிங் கிளார்க் சீனுவைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்தவள். பெரிய ஆசைகள் கிடையாது. முக்கியமாக, அடுத்த வீட்டுப் பிள்ளைகளைத் திருத்தி ஆளாக்க வேண்டும் என்ற ஆசை அறவே கிடையாது. பிள்ளைகள் என்றால் உடைக்கிறவர்கள் என்பது லேபுக்கு வந்த ஒரே மாதத்தில் அவள் கண்டுகொண்ட உண்மை. பிராக்டிகல் முடிந்து மணி அடித்ததும் அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

அப்படிப்பட்டவளிடம் பிள்ளைகள் தினமும் வந்து சேர்ந்ததற்கு மைக்கேல்ராஜ் சாரின் மானப் பிரச்சனைதான் காரணம். ரோஸ்வெல்லில் எட்டாம் வகுப்பு ஏ, பி, சி என்று மூன்று பிரிவு. மார்க்கு வாங்குகிறவர்கள் ஏ, வாங்க முயற்சி செய்கிறவர்கள் பி, மிச்சமிருந்தவர்கள் சி. சி பிரிவில் பாடம் நடத்துவதற்கு ஆசிரியர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டு மீதிப் பேருக்கு நடத்துவது. வெளியே நின்றவர்கள் வராந்தாவில் வரிசையாகச் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். ஒரு மே மாதக் கடைசியில் அட்மிஷன் கேட்டு வந்த ஒரு பெற்றோர் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, "என்ன சார், கிளாஸ்ல பெஞ்சு போதலையா?" என்று கேட்டுவிட்டார். மைக்கேல்ராஜ் சார் அன்றே உத்தரவு போட்டார். வெளியே அனுப்பப்படுகிறவர்கள் இனி வராந்தாவில் நிற்கக் கூடாது, லேபுக்குப் போக வேண்டும். லேப் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் அப்பால், கண்ணுக்கு மறைவாக இருந்தது.

தமயந்தி ஆபீஸ் அறைக்குப் போய்த் தன்னால் முடியாது என்று சொல்லிப் பார்த்தாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், அவர்கள் பாட்டுக்கு நிற்கட்டும் என்றார்.

அவர்கள் பாட்டுக்கு நின்றால் என்ன ஆகும் என்பது முதல் நாளே தெரிந்தது. டிரேவர் என்ற பையன், இரண்டு தடவை ஃபெயிலாகி வகுப்பிலேயே ஒரு தலை உயரமாக நின்றவன், வேலையில்லாமல் ஸ்டூலைச் சுழற்றிச் சுழற்றி ஒரு குடுவையைத் தட்டிவிட்டான். தமயந்தி முதலில் அவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்தாள். பிறகு யோசித்தாள். கையில் வேலை இருக்கும்வரைதான் மற்ற சாமான் பிழைக்கும். நாற்பது டெஸ்ட் டியூப் நிறைந்த தொட்டியை அவன் முன்னால் நகர்த்தினாள்.

"சும்னே நிக்காதே. இத்த கழுவு."

இரண்டே நிமிஷத்தில் அவன் "ஆச்சு ஆன்ட்டி" என்றான். தமயந்தி ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பிடித்தாள். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் மெல்லிய ஏடு போல முழுசாக இறங்கும். அழுக்கிருந்தால் அங்கங்கே முத்து முத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கும். சயின்ஸ் டீச்சர் மௌரீன் மிஸ் அவளுக்குச் சொல்லித்தந்த ஒரே வித்தை இதுதான்.

"ஆவல. பாரு, ஒட்டிக்கினு நிக்குது" என்று திரும்பத் தொட்டியில் போட்டாள்.

இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை டிரேவர் "ஆச்சு" என்று சொல்லவில்லை. தானே ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பார்த்து, சரியில்லாததைத் தானே தொட்டியில் போட்டான். அன்று மத்தியானம் ரேக்கில் நாற்பதும் நின்றன. தமயந்தி பாராட்டவில்லை. பாராட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. நாளைக்கு முட்டியை மடக்கித் தொட்டி முன்னால் உட்கார வேண்டாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

டிரேவருக்கு அது புது அனுபவம். அவனுடைய கிளாஸ் டீச்சர் அவனை 'கட்டடத்துக்குப் பாரம்' என்று சொல்லித்தான் அட்டெண்டன்ஸ் எடுப்பார். வேலை சரியில்லை என்றால் ஆளே சரியில்லை என்றுதான் அதுவரை எல்லோரும் அவனிடம் சொல்லியிருந்தார்கள். டெஸ்ட் டியூப் சரியில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டவள் தமயந்திதான். அடுத்த வாரம் அவன் கணக்குப் பீரியடில் வேண்டுமென்றே பெஞ்சைத் தட்டி, வெளியே அனுப்பப்பட்டு, நேராக லேபுக்கு வந்தான்.

ஒரு வருஷத்தில் லேபில் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கென்று தனித்தனி வேலை இருந்தது. ஸ்பிரிட் விளக்குத் திரி மாற்ற ஒருவன், தராசுப் படிக்கற்களைத் துடைக்க ஒருத்தி. அமில அலமாரியின் சாவி மட்டும் தமயந்தியின் இடுப்பில் இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் தொண்ணூற்றெட்டில் வந்து சேர்ந்தவள் அனுஷா. தருமபுரியில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, அப்பாவுக்கு இங்கே வேலை கிடைத்ததால் நடுவில் வந்து இங்கிலீஷ் மீடியத்தில் விழுந்தவள். எல்லோரும் சத்தம் போட்டதற்காக வெளியே அனுப்பப்பட்டார்கள், அவள் ஒருத்திதான் சத்தமே வராததற்காக அனுப்பப்பட்டாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள். உட்கார் என்று சொல்லும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள்.

தமயந்திக்குப் பேசாத பிள்ளை என்றால் ரொம்பப் பிடித்தது. கையெழுத்தும் அச்சடித்த மாதிரி இருந்தது. பாட்டில்களுக்கு லேபிள் எழுதுகிற வேலையைக் கொடுத்தாள். அனுஷா எழுதுவாள், தமயந்தி ஒட்டுவாள். மூன்று மாதத்தில் அலமாரியில் இருந்த அறுபத்துச் சொச்சம் பாட்டில்களில் எது எங்கே இருக்கிறது, எது எப்படி இருக்கும் என்று அந்தப் பெண்ணுக்கு அத்துப்படி.

அந்த வருஷம் டிசம்பரில் பத்தாம் வகுப்புக்கு பிராக்டிகல். மௌரீன் மிஸ் அவசரமாக வந்து, நீர்த்த கந்தக அமிலம் என்று லேபிள் ஒட்டியிருந்த பாட்டிலை எடுத்து, வரிசையாக நின்ற பிள்ளைகளின் டெஸ்ட் டியூப்களில் ஊற்றப் போனார். மூலையில் லேபிள் எழுதிக்கொண்டிருந்த அனுஷா எழுந்து நின்றாள்.

"மிஸ், அது வேணாம் மிஸ்."

மௌரீன் மிஸ் திரும்பிப் பார்த்தார். இந்தப் பெண்ணின் குரலையே அவர் அதுவரை கேட்டதில்லை.

"அது எண்ணெய் மாதிரி ஆடுது மிஸ். தண்ணி மாதிரி ஆடல."

மிஸ் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே இருந்தது தண்ணீர் கலக்காத அடர்ந்த அமிலம். பட்ட இடம் வெந்துபோகும். லேபிளை மாற்றி ஒட்டியவள் தமயந்தி. முந்தின நாள் தங்கை மகளுக்குக் காது குத்து. சீக்கிரம் கிளம்பும் அவசரத்தில் இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றி ஒட்டிவிட்டாள்.

மௌரீன் மிஸ் பொதுவாகக் கோபப்படாதவர். அன்று பத்தாம் வகுப்பு முழுவதும் பார்க்க, தமயந்தியை நிற்கவைத்துக் கேட்டார். ஆறு வருஷமாக இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், ஒரு பிள்ளைக்குக் கண் போயிருந்தால் நீங்கள் தருவீர்களா என்றார். எல்லாம் நியாயமான கேள்விகள். தமயந்தி நின்றபடி தரையைப் பார்த்தாள்.

அவளுடைய வேலை போகவில்லை, எழுத்தில் ஒரு எச்சரிக்கையோடு விஷயம் முடிந்தது. வீட்டுக்குப் போய்ச் சீனுவிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் அனுஷா லேப் வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. மாட்டிவிட்டதற்கு ஆன்ட்டி என்ன செய்வாளோ என்ற பயம் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. உண்மையில் தமயந்திக்கும் ராத்திரியெல்லாம் அவள் மேல் கோபம்தான். ஆனால் காலையில் பஸ்ஸில் வரும்போது ஒரு விஷயம் உறைத்திருந்தது. அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் இன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷனில்தான் உட்கார்ந்திருப்போம்.

"உள்ள வா" என்றாள். "இனிமே நான் ஒட்டறேன், நீ பாரு. நீ பார்த்து சரின்னு சொன்னாதான் அலமாரிக்குள்ள போவும். நான் அவசரத்துல சரின்னு சொன்னாலும் நீ ஒத்துக்காதே."

அனுஷா தலையாட்டினாள். பிறகு, தலையாட்டியது போதாது என்று நினைத்தவள் போல, "சரி ஆன்ட்டி" என்றாள்.

ரோஸ்வெல்லுக்குத் தன்மதிப்பு வந்தது அதற்கடுத்த வருஷம். மைக்கேல்ராஜ் சார் ஏதோ ஒரு தலைமையாசிரியர் மாநாட்டுக்குப் போய்வந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தன்மதிப்புக் குறைவு, அதை வளர்ப்பது பள்ளியின் கடமை என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துப் பள்ளியில் ஏற்கெனவே வளர்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பதுதான் அவரைச் சுட்டது. ஒரே மாதத்தில் வித்யாலட்சுமி என்ற பயிற்சியாளரை வரவழைத்தார். வித்யாலட்சுமி நல்ல பெண். சைக்காலஜி படித்தவள், முப்பது வயதுக்குள், பிள்ளைகளிடம் குனிந்து பேசுகிறவள். முதல் வேலையாக ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தாள். 'என்னால் எதையும் சாதிக்க முடியும்', 'நான் நல்ல மாணவன்' என்பது போல் ஐம்பது வாக்கியங்கள். முழுதும் ஒத்துக்கொண்டால் இரண்டு மார்க், ஓரளவு என்றால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். யாருக்கு உதவி தேவை என்று தனக்குத் தெரிவதற்காக மட்டுமே இது, யாருக்கும் காட்டக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மைக்கேல்ராஜ் சார் இருபது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். நூற்றுக்கு இத்தனை என்று ஒரு காகிதம் கையில் கிடைத்தபின் அதை வரிசைப்படுத்தாமல் வைத்திருக்க அவரால் முடியவில்லை. திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் தன்மதிப்பு ரேங்க் பட்டியல் தொங்கியது. பாஸ் மார்க் முப்பத்தைந்து. முதல் ரேங்க் ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவு யுவன், தொண்ணூற்றெட்டு. தன்மதிப்பில் ஃபெயில், பத்தொன்பது பேர். அவர்கள் பெயர்களுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

வித்யாலட்சுமி பட்டியலைப் பார்த்து அழாத குறை. மைக்கேல்ராஜ் சார் அவளுக்கு ஆறுதல் சொன்னார். கவலைப்படாதீர்கள், அடுத்த தேர்வில் ஏற்றிவிடலாம்.

ஃபெயிலான பிள்ளைகளின் பெற்றோர் வரவழைக்கப்பட்டார்கள். கோவிந்தன் என்ற ஆட்டோ டிரைவர், ஏழாம் வகுப்பில் படிக்கும் தன் மகன் கணக்கில் ஃபெயில், கன்னடத்தில் ஃபெயில், இப்போது இதிலுமா என்று மனம் நொந்து, இந்தப் பாடத்துக்கு கைடு எங்கே சார் கிடைக்கும், அவென்யூ ரோட்டுப் புத்தகக் கடைகளில் இருக்குமா என்று கேட்டார். ஒரு மாதத்துக்குள் தெருமுனை டியூஷன் சென்டர் போர்டில் 'தன்மதிப்பும் எடுக்கப்படும்' என்று ஒரு வரி கூடியிருந்தது.

லேப் கூட்டத்தில் ஏழு பேர் ஃபெயில். டிரேவர் முப்பத்தொன்று, அனுஷா இருபத்தொன்பது. டிரேவர் இன்னொரு தடவையும் ஃபெயிலாகி அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தான். அந்த வருஷமும் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தான். தமயந்திக்கு ஆத்திரமாக வந்தது.

"என்னாடா எழுதின நீ?"

"உள்ளதைத்தான் ஆன்ட்டி எழுதினேன். நான் நல்ல ஸ்டூடண்டான்னு கேட்டாங்க. இல்லைன்னு போட்டேன். எதையும் சாதிப்பியான்னு கேட்டாங்க. மேத்ஸ் வராதே, எப்படி ஆமான்னு போடறது?"

அவன் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. கேள்வியை வெளிச்சத்தில் கவிழ்த்துப் பார்த்து, ஒட்டிக்கொண்டு நின்றதை நின்றது என்று எழுதியிருக்கிறான், அவ்வளவுதான்.

ஃபெயிலானவர்களுக்குக் கடைசிப் பீரியடில் சிறப்பு வகுப்பு. வேறு அறை காலி இல்லாததால் லேபில். வித்யாலட்சுமி முகம் பார்க்கும் கண்ணாடியோடு வந்தாள். ஒவ்வொருவரும் அதில் பார்த்து 'நான் அருமையானவன்' என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் சிரித்தார்கள், ஒரு பையன் தலை சீவிக்கொண்டான். அப்போது டிரேவர் சின்னப் பையன் ஒருவன் கழுவிய பீக்கரை ஜன்னலோரம் கொண்டுபோய், இன்னும் ஆகவில்லை என்று அமைதியாகத் திருப்பிக் கொடுத்ததையும், அனுஷா தமயந்தியின் லேபிள் ஒன்றை நிறுத்தி, எழுத்துப் பிழை என்று சொன்னதையும், தமயந்தி மறு பேச்சில்லாமல் கிழித்துப் போட்டதையும் வித்யாலட்சுமி பார்த்தாள். கண்ணாடியைப் பைக்குள் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்தே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் தமயந்தியிடம், இந்த முறையை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள்.

"எந்த முறை மேடம்? எனக்கு முட்டி வலி. ஒக்காந்து கழுவ முடியாது" என்றாள் தமயந்தி.

வித்யாலட்சுமி அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். பாதி தப்பு, பாதி சரி. அந்தப் பிள்ளைகள் வராத நாள் லேப் வெறிச்சென்று இருப்பதை தமயந்தி கவனித்திருந்தாள். முட்டி வலியைச் சொல்வது சுலபமாக இருந்தது, அதனால் அதைச் சொன்னாள்.

அறிக்கையில் வித்யாலட்சுமி இரண்டு பக்கம் லேபைப் பற்றி எழுதினாள். தவறு செய்தால் ஒத்துக்கொண்டு, பிள்ளையின் கையிலேயே சரிபார்க்கும் பொறுப்பைக் கொடுத்தது பெரிய விஷயம் என்று அமிலச் சம்பவத்தையும் மெச்சி எழுதினாள். மைக்கேல்ராஜ் சார் நிர்வாகக் குழுவுக்கு அனுப்பும்முன் அதைப் படித்தார். ஒரு அட்டெண்டரால் பிள்ளைகள் தேறினார்கள் என்று போவது பள்ளிக்கு அழகல்ல என்று பட்டது. 'சிறந்த ஆய்வுக்கூட வசதிகளால்' என்று திருத்தினார். அமிலச் சம்பவத்தை மட்டும் திருத்த மறந்துவிட்டார்.

நிர்வாகக் குழு அதை மட்டும்தான் படித்தது. மறு வாரமே சுற்றறிக்கை வந்தது: பிராக்டிகல் நேரம் தவிர மாணவர்கள் லேபுக்குள் நுழையக் கூடாது. வெளியே அனுப்பப்படுகிறவர்கள் இனி சைக்கிள் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். வித்யாலட்சுமி விஷயம் தெரிந்து ஓடிவந்து மன்றாடினாள், பலிக்கவில்லை. தமயந்தியிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னைப் பற்றி நல்லது எழுதினதுக்கு எதுக்கு மேடம் மன்னிப்பு என்றாள் தமயந்தி. இருந்தாலும் அன்று தொட்டி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தபோது, ஒரு வார்த்தை எழுதாமல் இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது தேர்வு. இதற்குள் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தால் இரண்டு மார்க் என்று ஆறாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரிந்துவிட்டது. பள்ளியின் சராசரி ஐம்பத்திரண்டிலிருந்து தொண்ணூற்றொன்றுக்கு ஏறியது. பள்ளிகளுக்கிடையிலான விழா ஒன்றில் ரோஸ்வெல்லுக்குக் கேடயம் கொடுத்தார்கள். டிரேவர் ஒருவன்தான் முப்பத்துமூன்று வாங்கி அந்தத் தடவையும் ஃபெயில். அனுஷா முப்பத்தெட்டு எடுத்துப் பாஸ். ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதிலை உண்மையாக மாற்றினேன் என்று அவள் பின்னால் சொன்னாள். 'தேவைப்பட்டால் பெரியவர்களிடம் அது தவறு என்று என்னால் சொல்ல முடியும்' என்ற கேள்வி. மிச்சம் எப்படிக் கூடியது என்று அவளுக்கே தெரியவில்லை.

டிரேவர் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கை இரண்டாம் தடவையில் தாண்டி, எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டப் போனான். வண்டியைப் பளிச்சென்று வைத்திருக்கிறான் என்று கேள்வி. வாயே திறக்காத அனுஷா காலேஜ் முடித்து கால் சென்டரில் சேர்ந்து, பேசிப் பேசியே சம்பளம் வாங்கினாள். தீபாவளிக்கு ஒரு தடவை இனிப்பு டப்பாவோடு வந்தாள். அலமாரியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இரண்டு லேபிள் மங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். யுவன் என்ன ஆனான் என்று தெரியாது. நன்றாகத்தான் இருப்பான்.

வித்யாலட்சுமி ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரியவர்களின் தன்மதிப்பை வளர்க்கப் போய்விட்டாள். அங்கே ரேங்க் போட ஏற்கெனவே தனி டிபார்ட்மெண்ட் இருந்தது.

இரண்டாயிரத்து ஐந்தில் ரோஸ்வெல்லில் ஆசிரியரல்லாத ஊழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். பிள்ளைகளின் தன்மதிப்பு குலையாமல் அவர்களிடம் எப்படிப் பேசுவது என்பது தலைப்பு. சீனு சந்தாபுராவில் ஒரு சைட் வாங்கி வீடு கட்டியிருந்ததால் தமயந்தி அப்போது இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள். களைப்போடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பயிற்சி கொடுக்க வந்த இளைஞன் மைக்கில், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அவரிடம் உங்களுக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லுங்கள் என்றான்.

தமயந்திக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் முனியப்பன். அவர் வேலைக்குச் சேர்ந்த பதினோரு வருஷமாக இருவரும் காலையில் ஒரு தலையசைப்போடு சரி. அவர் தொண்டையைச் செருமினார், கூரையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நீங்க லீவே போடறதில்ல மா" என்றார்.

"நீங்க கேட்டை சத்தம் வராம சாத்தறீங்க" என்றாள் தமயந்தி.

அதற்குமேல் இருவராலும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சாயங்காலம் சான்றிதழ் கொடுத்தார்கள், அவளுடையதில் 'தமயந்தன்' என்று அச்சாகியிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு நாள் முழுக்க இதற்கா வீணாக்கினார்கள் என்று அலுத்துக்கொண்டாள். ஹோசூர் ரோட்டில் டிராபிக் நகரவில்லை. லீவே போடுவதில்லை என்பது உண்மைதானே என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். லேபிள் மாற்றி ஒட்டிய அந்த வாரத்தில்கூடப் போட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் சீனுவிடம் முனியப்பன் சொன்னதை மட்டும் சொன்னாள்.